தனி வீடு கட்டும்போது வேலையாட்களின் உயிரைக் காக்க வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்?

திருச்சியில் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறீர்கள். கொத்து வேலை, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, மின்வேலை, டைல்ஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளுக்குக் கூலி ஒப்பந்தமாக விட்டிருக்கிறீர்கள். அடுத்த தெருவில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை. மேஸ்திரியோ, “முப்பது வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகாது” என்கிறார். பொறியியல் படிக்காத நான் எதைப் பார்ப்பது, சட்டம் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்கிறீர்கள். அடுத்த வாரம் தரைத்தளத்துக்குக் கூரைத் தளம் போடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இவற்றுக்கு நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சம்ப் தொட்டிக்கு (தரைக்கடியில் நீர் சேமிக்கும் தொட்டி) மூடுதளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, உள்ளே சென்ட்ரிங் இன்னும் பிரிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தயவுசெய்து இன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லுங்கள்: நீங்கள் இல்லாமல் அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. “புதுத் தொட்டிதானே, கழிவு நீர் ஒரு சொட்டு விழவில்லையே” என்பார்கள். பலர் உயிரைக் கொடுத்த இடமே இதுதான். ஈரப் பலகை, சவுக்கு முட்டு, அடியில் தேங்கிய பதப்படுத்தும் நீர், ஒரே ஒரு சிறிய வாய், அதற்கும் சாக்கு மூடி. மூன்று வாரம் மரம் உள்ளே ஊறி மக்குகிறது. அந்த மக்கலும் பூஞ்சையும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. இரும்புத் தகடு துருப்பிடிப்பதும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனால் மனிதன் இறங்கக் கூடாது. 10 சதவீதத்தை ஒட்டி அறிவு தடுமாறி மயக்கம் வரும். 6 சதவீதத்துக்குக் கீழே இரண்டு மூச்சுக்குள் சாய்ந்துவிடுவார். வாசனை இல்லை, கண் எரிவதில்லை, மூச்சு முட்டுவது போலவும் தோன்றாது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படி உணர்த்துவதில்லை. அதனால்தான் இறங்குபவர் கூப்பிடக்கூட நேரமில்லாமல் விழுகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் நான் மேற்பார்வை பார்த்த வீடு. காலை எட்டு மணிக்கு 22 வயதுச் சென்ட்ரிங் பையன் ஒருவன் தொட்டிக்குள் இறங்கினான். இறங்கியதும் சத்தமில்லை. மேலே நின்றிருந்தவர் அவனுக்கு அண்ணன் முறை. ஒரு கணமும் யோசிக்காமல் இறங்கிவிட்டார். நான் முன்வாசலில் செங்கல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவியோடு இறங்கி இருவரையும் தூக்கினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். காப்பாற்றப் போனவர் போய்விட்டார். அன்று காலை அந்தத் தொட்டியில் சென்ட்ரிங் பிரிக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்து வைத்திருக்க வேண்டியது என் வேலை.

ஆகவே செய்ய வேண்டியது இது. தொட்டிக்கு எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனையையும் முந்தின நாளே திறந்து வையுங்கள். சுற்றிலும் தடுப்புக் கட்டுங்கள். தேங்கிய நீரை மின் மோட்டாரால் வெளியிலிருந்தே இறைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல் இயந்திரம் எதையும் உள்ளேயோ வாய்க்கு அருகிலோ வைக்கக் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு தனியாக ஓர் எமன். காற்றூதியை வாடகைக்கு எடுத்து, அதன் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டு ஊதுங்கள். ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அது ஓட வேண்டும். வாயு அளக்கும் கையடக்கக் கருவி கிடைத்தால் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். விளக்கு அணைந்தால் ஆபத்து என்று தெரியும்; அணையாவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. பழைய கழிவுநீர்த் தொட்டியாக இருந்தால் மீத்தேன் தீப்பிடித்து வெடிக்கும். இறங்குபவர் உடம்பில் முழு உடல் பாதுகாப்புப் பட்டை, அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே இருவர் கையில். உள்ளே விழுந்தால் கயிற்றால் தூக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் 101, 112 எண்களை அழைக்க வேண்டும். மேலே நிற்பவர் இறங்கக் கூடாது. இதை முன்கூட்டியே அவர்கள் வாயால் சொல்ல வையுங்கள். தம்பி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்த அண்ணனாலும் முடியாது. முன்பே பேசி வைத்திருந்தால் கை கயிற்றை இழுக்கும், கால் இறங்காது.

கழிவுநீர்த் தொட்டி இன்னும் கட்டவில்லை என்றால், அதன் மேலே வார்ப்புத் தளம் போடாமல் வெளியே வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி மூடச் சொல்லுங்கள். உள்ளே சென்ட்ரிங்கே வேண்டாம்; பிரிக்க ஆளும் இறங்க வேண்டாம். மனையில் பழைய வீட்டுத் தொட்டி இருந்தால் அதில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாயாக வைத்தது, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது.

இனி பொதுவான விஷயம். 26 ஆண்டுகளாகக் கட்டுமான இடங்களில் நிற்கிறேன். மூன்று மரணங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தொட்டி ஒன்று. இன்னொன்றில், சென்ட்ரிங்காரர் பாதி பிரித்துவிட்டுச் சாப்பிடப் போன பலகையில் கொத்தனார் ஏறினார். மற்றொன்றில், மின்வேலைக்காரர் தற்காலிகமாக இழுத்துவிட்டுப் போன ஒயரை டைல்ஸ் போடுபவர் ஈரத்தில் மிதித்தார். மூவரும் தொழில் தெரிந்தவர்கள். ஒருவர் முடித்துவிட்டுப் போன வேலையின் மேல் அடுத்தவர் கால் வைக்கும் இடத்தில்தான் ஆபத்து நிற்கிறது. கொத்தனாருக்குத் தன் கரண்டியைத் தெரியும். சென்ட்ரிங்காரர் எந்த ஆப்பைத் தளர்த்திவிட்டுப் போனார் என்பது தெரியாது. மொத்த ஒப்பந்தத்தில் அந்த நடுப்பகுதியை ஒருவராவது பார்ப்பார். கூலி ஒப்பந்தத்தில் அதற்கு ஆளே இல்லை. முதல் செங்கல் முதல் கிரகப்பிரவேசம் வரை அங்கே தொடர்ந்து இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் பொறியியல் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். தினமும் மாலை ஒரு கேள்வி கேட்டால் போதும்: இன்று யார் எதைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள், நாளை அதன் மேல் யார் ஏறப் போகிறார்கள்?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நாடே பேசியது. தனி வீடுகளில் ஒருவராக, இருவராகப் போகிறவர்களுக்கு உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரிதான்.

அடுத்த வாரத் தளத்துக்கு வருவோம். 1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 12 கனமீட்டர் கான்கிரீட். எடை 29, 30 டன். அது இறுகும் வரை முழுப் பாரமும் ஜாக்கிகள் எனப்படும் முட்டுகளின் தலையில். எனவே முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொரு ஜாக்கியின் காலடியையும் குனிந்து பாருங்கள். நிரப்பிய மண்ணின் மேல் நேராக நிற்கிறதா, அடியில் அகலமான பலகை இருக்கிறதா, உயரம் போதாமல் செங்கல்லை அடுக்கி அதன் மேல் ஏற்றியிருக்கிறார்களா? செங்கல் அடுக்கு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஜாக்கிகளைக் குறுக்கே இணைத்துக் கட்டியிருக்க வேண்டும். தள்ளினால் ஆடக் கூடாது. கான்கிரீட்டை ஓரிடத்தில் குவியலாகக் கொட்டினால் அந்த இடத்து முட்டு மட்டும் இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்குகிறது. கொட்டக் கொட்டப் பரப்ப வேண்டும். கீழே ஆப்பு பார்க்கும் சென்ட்ரிங்காரரைத் தவிர வேறு யாரும், நிழலுக்காகக்கூட, நிற்கக் கூடாது.

பிரிக்கும் நாள்தான் இதை விடக் கடினம். தகடும் ஜாக்கியும் நாள் வாடகைக்கு வந்தவை. ஒவ்வொரு நாளும் ஒப்பந்தக்காரர் கையிலிருந்து பணம் போகிறது. “ஏழு நாள் எதற்கு, வெயில் நன்றாகக் காய்கிறது” என்று ஐந்தாம் நாளே பிரிப்பதன் காரணம் அறியாமை அல்ல, வாடகை. இந்திய கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைத் தளத்தின் முட்டுகளுக்கு 7 நாளும், அதற்கு மேல் அகலமுள்ளவற்றுக்கு 14 நாளும் சொல்கிறது. 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது மெதுவாக வலுப்பெறுவதால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பொறியாளரிடம் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் நாள் வாடகையை நான் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கு எத்தனையோ அறிவுரைகளை விட நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சன்ஷேடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது ஏமாற்றும். அறைத் தளம் இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அவசரத்தில் ஆட்கள் அதன் மேல் நடந்து மிதித்துக் கீழே அமுக்கிவிடுவார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். பலகையை எடுத்ததும் ஒடிந்து, எடுத்தவர் தலையிலேயே விழும். இன்னொன்று, அதன் பின்பக்கத்தை அழுத்திப் பிடிப்பது மேலே எழும்பும் சுவரின் எடை. சுவர் எழும்பும் முன் முட்டுகளை எடுத்தால் முழுச் சன்ஷேடும் கவிழ்ந்துவிடும். பிரிக்கும்போது வெளி நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். பூச்சு வேலையின்போது சன்ஷேட் மேல் ஏறி நின்று மணல் மூட்டையும் வைப்பார்கள். அதற்காக அது கட்டப்படவில்லை.

தளத்துக்குக் கம்பி ஏற்றும் நாளில் தெருவைப் பாருங்கள். கம்பி வருவது 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி நீளத்தில். கீழே இருவர் நிமிர்த்தி மேலே இருவர் வாங்கும்போது அதன் நுனி எங்கே போகிறது என்று பிடித்திருப்பவருக்குத் தெரியாது. மின் பாதுகாப்பு விதிகளின்படி கட்டடத்துக்கும் தெருவில் போகும் சாதாரண மின்கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11,000 வோல்ட் கம்பியானால் மேலே 3.7 மீட்டர். ஆனால் இது முடிந்த கட்டடத்துக்கான இடைவெளி. 40 அடிக் கம்பியைக் கையாளும் ஆளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. உயர் அழுத்தக் கம்பி அருகில் வந்தாலே மின்சாரம் தாவும்; தொட வேண்டும் என்பதில்லை. மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து, ஏற்றும் நேரத்துக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தெருப்பக்கம் ஏற்றாமல் பின்பக்கமாக, கீழேயே வெட்டி, படுக்கை வாக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அலுமினிய ஏணிக்கும் இதே எச்சரிக்கை.

வீட்டுக்குள் இருக்கும் மின்சாரமும் குறைந்ததல்ல. பிளக் இல்லாமல் ஒயர் நுனியைச் சீவிச் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியை வைத்து இறுக்குவதை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது தூக்குக் கயிறு. கை விடாமல் பிடித்துக்கொள்ள 10 மில்லி ஆம்பியர் அளவே போதும். தற்காலிக மின் இணைப்புப் பெட்டியிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு எப்படியும் வாங்கப் போகிற பொருள்தான். முதல் நாளே வாங்கிவிடுங்கள். சோதனைப் பொத்தானை வாரம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஒயர் தரையில் கிடக்காமல் சுவரில் தொங்க வேண்டும். எத்தனை சிக்கனக்காரராக இருந்தாலும் இந்த ஒன்றில் கை சுருக்காதீர்கள்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட சாரம். பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் முக்கால் விநாடியில் தரையைத் தொடுகிறார். அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஒரு மாடிதானே என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சவுக்குச் சாரம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகக் கட்டினால் அது நன்றாகவே நிற்கும். போன வேலையில் நனைந்து காய்ந்த கயிறு, பூச்சி அரித்த கழி, இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டாமல் போட்ட ஒற்றைப் பலகை, இவைதான் ஆளைக் கொல்கின்றன. பலகை இரண்டு மூன்றாக நெருக்கிப் போட்டு இரு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். ஒரு முனையை மிதித்தால் மறு முனை எழும்பக் கூடாது. இடுப்பளவில் ஒரு குறுக்குக் கழி, முழங்கால் அளவில் ஒன்று, பலகை ஓரத்தில் செங்கல் உருளாமல் ஒரு சட்டம். சாரம் ஜன்னல் வழியாகவோ சுவர்த் துளை வழியாகவோ கட்டடத்தோடு பிணைந்திருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை, கட்டியவரே வந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஏற வேண்டும். பூச்சுக்காரர் தனக்கு இடைஞ்சலாக இருக்கும் ஒரு குறுக்குக் கழியை அவிழ்த்துவிட்டு, மறுபடி கட்டாமல் போவார். அடுத்து வரும் பெயின்டருக்கு அது தெரியாது. நான் முன்பு சொன்ன நடுப்பகுதி இதுதான்.

பாதுகாப்புப் பெல்ட் வாங்கித் தந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கித் தாருங்கள், இடுப்புப் பெல்ட் வேண்டாம், தோளும் தொடையும் சேரும் முழு உடல் பட்டை. ஆனால் அதன் கயிற்றைக் காலடியில் கட்டினால், கயிற்றின் நீளமும் அதிர்ச்சி தாங்கும் பகுதி விரியும் நீளமும் ஆளின் உயரமும் சேர்ந்து ஐந்தாறு மீட்டர் கீழே போய்த்தான் ஆளை நிறுத்தும். முதல் மாடியில் அதற்குள் தரை வந்துவிடும். தலைக்கு மேலே, கான்கிரீட் தூண் போன்ற உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். சாரக் கழியிலேயே மாட்டினால் சாரத்தோடு சேர்ந்து விழுவார். ஆகவே தாழ்ந்த உயரத்தில் பெல்ட்டை விட அந்த இடுப்பளவுக் கழியைத்தான் நான் நம்புவேன். தலைக்கவசத்துக்குத் தாடைப் பட்டை போடாவிட்டால் விழும்போது அது முதலில் பறந்துவிடும்.

மாடிப்படிக்குக் கைப்பிடி கடைசியில்தான் வரும். அதுவரை சவுக்குக் கழியைக் கட்டி வையுங்கள். தலையில் சட்டியோடு ஏறும் சித்தாளுக்குத் தன் காலடி தெரியாது. தளத்தில் குழாய்க்கும் லிஃப்ட்டுக்கும் விட்ட திறப்புகளை மூடும்போது பலகையை வெறுமனே போடக் கூடாது. யாரோ ஒருவர் நல்ல பலகை கிடக்கிறதே என்று இரு கையாலும் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னே வைப்பார், நேராகக் குழிக்குள். ஆணி அடித்து, “கீழே குழி” என்று சிவப்பில் எழுதுங்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கடைக்காலுக்கு (அடித்தளத்துக்கு) வானம் தோண்டும் கட்டம் உங்களுக்கு முடிந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டிக் குழி மீதி இருப்பதால் ஒன்று மட்டும். ஐந்தடிக்கு மேல் ஆழமானால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளிக் கொட்ட வேண்டும். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல். மார்பளவு புதைந்தவரால் நெஞ்சை விரித்து மூச்சு வாங்க முடியாது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டித் தோண்டும்போது அந்தச் சுவரின் கடைக்காலுக்கும் கீழே போகிறோமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஜே.சி.பி.யை இறக்காதீர்கள்.

விழுந்து இறப்பதை எல்லோரும் பார்க்கிறோம். தூசியில் இறப்பதை யாரும் பார்ப்பதில்லை. மின்குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுபவரும் கிரானைட் அறுப்பவரும் மாலையில் வெள்ளைச் சிலை போல வெளியே வருவார்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். திரும்பச் சரிசெய்ய மருந்து கிடையாது. துண்டைக் கட்டிக்கொள்வது மனதுக்கு ஆறுதல், நுரையீரலுக்கு அல்ல. நீர் பாயும் அறுப்பு இயந்திரம், ஆர்.சி.சி.பி. இணைப்போடு; அது முடியாத இடத்தில் என்-95 முகக்கவசம். சிறிய கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் தகட்டை மாட்டிச் சென்ட்ரிங் பலகை வெட்டுவார்கள். அது எகிறினால் கழுத்துக்கோ தொடைக்கோதான் வரும். அதைப் பார்த்த நொடியில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும் காரம். தளம் போடுபவர்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் கொடுங்கள். கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரால் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1998 ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஓர் ஆண் 55 கிலோவுக்கு மேலும், பெண் 30 கிலோவுக்கு மேலும் தனியாகத் தூக்கக் கூடாது என்று வரம்பு வைத்தன. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. சித்தாள் தலையில் முழு மூட்டை ஏறக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996 ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீட்டுக்கு அது விலக்கு அளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சமாகிவிட்டது. சாவு அதிகம் நடக்கும் சிறிய வீடுகள் சட்டத்துக்கு வெளியே போவது எனக்கு ஏற்புடையது அல்ல. ஆனால் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவுக்கு இந்த வரம்பு எதுவும் கிடையாது. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு உங்கள் வேலைக்கும் காலத்துக்கும் என்று தனியாகக் கிடைக்கும். எத்தனை பேர், என்ன கூலி என்று சொல்லி எடுத்துவிடுங்கள். 1994 முதல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களில் யாரிடம் வாரிய அட்டை இருக்கிறது, யார் புதுப்பிக்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள், பதிவுக்கு உதவுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு உள்ள எல்லோரையும் சேர்த்துவிடுங்கள்.

மேஸ்திரியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அவரை ஆட்கள் முன்னால் கேள்வி கேட்காதீர்கள். மானம் போனதாக எடுத்துக்கொள்வார். தனியே கூப்பிட்டு, சாரத்துக்கும் கூடுதல் நாள் வாடகைக்கும் காற்றூதிக்கும் ஆகும் செலவைச் சதுர அடிக் கூலிக்கு வெளியே தனியாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கூலிக்குள் அடக்கினால் அது முதலில் வெட்டுப்படும் செலவு. தனியாக எழுதினால் அது நீங்கள் பார்த்து வாங்கும் பொருள். எழுதித் தாருங்கள். யாராவது விழுந்துவிட்டால் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றக் கூடாது, முதுகெலும்பு முறிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கழுத்தை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடமே ஒப்படையுங்கள். பொறுப்பைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் மனிதர்களாகத்தான் பெரும்பாலான மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தாள்கள் சிலர் குழந்தைகளோடு வருவார்கள். சம்ப் தொட்டியின் வாயில் இப்போது சாக்கு மட்டும் கிடக்கிறது என்றால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் போய், ஆணி அடித்த பலகையால் மூடிவிட்டு வாருங்கள். சென்ட்ரிங் பிரிக்கும் தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள்; தொட்டியின் நீள அகலம், ஆழம், எத்தனை வாய் என்று சொன்னால் காற்றூதி எவ்வளவு பெரியது வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.